கல்யாணத்துக்குக் கசவா, பட்டா? எல்லைப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

மேல்புறம்காரன்

எல்லோருக்கும் வணக்கம். தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். நாங்கள் மார்த்தாண்டத்துக்கு மேற்கே, மாப்பிள்ளை வீடு நெய்யாற்றின்கரைப் பக்கம். அவர்களும் நம் ஆட்கள்தான். வீட்டில் பேசுவது தமிழ், படித்தது மலையாளம்.

முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டில் எடுப்பது. கசவு, அதாவது சரிகைக் கரை போட்ட வெளிர்நிறக் கேரளப் பருத்திப் புடவை, எடுக்கலாமா என்று மாப்பிள்ளையின் அம்மா பேச்சுவாக்கில் கேட்டுவிட்டார். அதிலிருந்து எங்கள் சித்தப்பாவுக்கு ஆறவே இல்லை. "அது மலையாளத்து உடுப்பு. தமிழ்நாட்டோடு சேரணும்னு எங்க அப்பா ஜெயிலுக்குப் போனவர். அவர் பேத்தி மணவறையில் அதை உடுத்து உட்காருவாளா?" என்கிறார். தங்கைக்குக் கசவு பிடித்திருக்கிறது. சித்தப்பாவை எடுத்தெறிந்து பேசவும் எங்களுக்கு மனம் வரவில்லை.

உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள்? இது உண்மையில் யார் உடுப்பு?

நாஞ்சில் அக்கா

எங்கள் வீட்டில் முகூர்த்தத்துக்குப் பட்டு, மறுவீட்டுக்குக் கசவு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள் தம்பி, ஒத்துக்கொள்வார்.

களியக்காவிளை பஸ்

நான் தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவன். நவம்பர் 1 கேரளப் பிறவி நாள். அன்றைக்கு ஆபீஸில் பெண்கள் எல்லோரும் கசவு, ஆண்கள் முண்டு. அதே நவம்பர் 1, 1956இல்தான் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்ற நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் வந்தன. நாகர்கோவிலில் அன்றைக்கு, அந்த இணைப்புப் போராட்டத்தை நடத்திய மார்ஷல் நேசமணி சிலைக்கு மாலை போடுவார்கள். ஒரே நாளில் அங்கே ஒரு கொண்டாட்டம், இங்கே ஒரு கொண்டாட்டம். ஆபீஸில் என்னையும் முண்டு உடுத்து வரச் சொல்வார்கள். நான் மறுக்காமல் உடுத்துத்தான் போகிறேன். ஆனால் அதைத் தங்கள் மாநிலத்தின் அடையாளம் என்று அவர்கள் சொல்லும்போது, எங்கள் தாத்தா உடுத்ததும் இதே துணிதானே என்று தோன்றும்.

பாலராமபுரம் தறி

மேல்புறம் தம்பி, நான் அந்தத் தெருவில் பிறந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பாலராமபுரத்தில் நெசவுக்காரர்களான எங்கள் சாலியர் தெருக்கள் இருக்கின்றன. சிங்கிள் தெரு, டபுள் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்று பெயர். திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா ஆண்ட 1798 முதல் 1810 வரையிலான காலத்தில், அரண்மனைக்கு மெல்லிய பருத்தித் துணி நெய்ய எங்கள் முன்னோரைக் கூட்டி வந்தார்கள். வள்ளியூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் அவை. ஊரைத் தறியூராக ஆக்கியதில் திவான் உம்மிணித் தம்பிக்கும் பங்கு உண்டு. இன்றும் வயதானவர்கள் வீட்டுக்குள் தமிழ்தான் பேசுகிறார்கள். கடைத் திண்ணையில் வந்து உட்கார்ந்ததும் மலையாளம்.

ஆக, உங்கள் சித்தப்பா மலையாளத்து உடுப்பு என்று சொல்வதைத் தறியிலிருந்து இறக்குவது தமிழ் பேசுகிற கை. அந்தப் பக்கம் திருச்சூர் மாவட்டத்தில் குத்தாம்புள்ளி இருக்கிறது. கொச்சி அரச குடும்பம் கொண்டுவந்து குடியேற்றிய தேவாங்கச் செட்டியார்கள் அங்கே நெய்கிறார்கள், அவர்கள் வீட்டு மொழி கன்னடம். சேந்தமங்கலத்திலும் தேவாங்கர்களே தொடங்கிவைத்தார்கள். சரிகை சூரத்திலிருந்து வருகிறது. ஓணம் சமயத்தில் கேரளா முழுக்கக் கடைகளில் குவிகிற செட் புடவையில் பெரும் பங்கு ஈரோடு, சேலம் பக்கத்து விசைத்தறியில் ஓடியது. இதில் எந்த இழையைப் பிடித்து, இது மலையாளம், இது தமிழ் என்று பிரிப்பது?

அதற்காக அது தமிழ் உடுப்பு என்று உரிமை கொண்டாட வரவில்லை. நெய்தது நாங்கள், உடுத்தி அதற்கு ஒரு அழகை உண்டாக்கியது அந்த ஊர்ப் பெண்கள். இடுப்பில் ஒரு முண்டு, மேலே ஒரு நேரியது, கரை ஒழுங்காக விழ வேண்டும். அந்த உடுப்பில் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு என்றுதான் எங்கள் தெருவில் நினைக்கிறோம்.

வேலை எப்படி நடக்கும் என்று பார்த்தால் உங்கள் தங்கைக்கு அந்தத் துணி மேல் இன்னும் பிரியம் வரும். விடிந்தும் விடியாமல் பாவு நூலைத் (துணியின் நீளவாக்கு நூல்) தெருவில் நீட்டிக் கட்டுவோம். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நூல், இடையிடையே கம்பு கொடுத்துத் தாங்கல். கஞ்சிப் பசையைத் தோய்த்து, இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று பெரிய பிரஷ்ஷால் இழுத்துக்கொண்டே நடப்பார்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட நூல் பிரிந்து, ஒவ்வொரு இழையும் தனியாக நிற்க வேண்டும். அறுந்த இடத்தைக் கண்ணால் தேடாமல், உள்ளங்கையைப் பாவின் மேல் ஓட்டியே கண்டுபிடித்து, அங்கேயே முறுக்கி ஒட்டுவார்கள். கடைசியில் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவுவது. வெயில் ஏறுவதற்குள் முடிக்காவிட்டால் கஞ்சி இறுகி நூல் முறியும். மழைக்காலத்தில் இந்த வேலையே ஓடாது.

தறி குழித்தறி. காலைக் குழிக்குள் விட்டு மிதிப்போம். கயிற்றை இழுத்து நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) ஓட்டுவது கிடையாது. ஒரு கையால் நாடாவை வீசி மறு கையால் பிடிப்பதுதான் இங்கே முறை. மெதுவாகத்தான் போகும். ஆனால் அப்படி நெய்த துணியில் கரை முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். புவிசார் குறியீட்டு விண்ணப்பத்திலேயே இதைத்தான் எங்கள் துணியின் தனித்தன்மையாகக் காட்டினார்கள்.

குமரி எல்லை

பாலராமபுரம் அண்ணாச்சி எழுதியது மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனாலும் அந்தச் சித்தப்பா பக்கம் நின்று ஒன்று சொல்ல வேண்டும். அவர் கோபத்தைக் கிழட்டுப் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராடியவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. தமிழில் படிக்க வேண்டும், தமிழில் மனு எழுத வேண்டும் என்று கேட்ட ஜனங்கள் செத்துப்போனார்கள். தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களையும் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டோம், கிடைக்கவில்லை. அதை நேரில் பார்த்த வீட்டில் வளர்ந்தவருக்கு, கல்யாணப் பந்தலில் அந்த வெள்ளையும் தங்கக் கரையும் திருவிதாங்கூர் சர்க்காராகத்தான் தெரியும். நெய்தவர் யார் என்பது அவருக்கு இரண்டாவது கேள்வி. உத்தரவு போட்ட கை எதை உடுத்தியிருந்தது என்பதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

எல்லையோரத்தில் இருப்பவனுக்கு ஏதாவது ஒரு அடையாளம் கையில் இருக்க வேண்டும். சென்னைக்காரனுக்கு இந்தக் கவலை இல்லை, அவன் எதை உடுத்தினாலும் அவனைத் தமிழன் இல்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. எங்களை இரண்டு பக்கமும் சொல்கிறார்கள்.

சாமிதோப்புப் பெண்

குமரி எல்லை அண்ணன் சொன்ன "உத்தரவு போட்ட கை" என்பதிலிருந்து நான் தொடங்குகிறேன். தமிழா மலையாளமா என்று பேசுவதற்கு முன்னால், இந்த ஊரில் யார் எதை உடுத்தலாம் என்று சர்க்கார் எழுதிவைத்த காலம் ஒன்று உண்டு. அதைப் பேசாமல் கசவு, பட்டு என்று பேசுவது எனக்கு ஒட்டவில்லை.

எங்கள் பாட்டிமாரின் பாட்டிமார் தோள்சீலை, அதாவது மார்பை மறைத்துத் தோளில் போடும் மேல்துணி, போடக் கூடாது என்பது திருவிதாங்கூர் வழக்கம். மேல் சாதியார் முன்னால் மார்பை மறைப்பது மரியாதைக் குறைவு. நாடார், ஈழவர் மட்டுமல்ல, அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்களின் நிலை இன்னும் மோசம். கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது, கிறிஸ்தவர்களாக மாறிய பெண்கள் சிரியன் கிறிஸ்தவ, மாப்பிளை (முஸ்லிம்) பெண்களைப் போலக் குப்பாயம் (சட்டை) போட்டுக்கொள்ளலாம் என்று ஆயிற்று. குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது. 1829இல் ராணி பார்வதி பாய் காலத்து அறிவிப்பும் அதையே சொன்னது. மேல் சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி தோளில் துணி போடுவதற்குத் தடை.

தடை துணி மீது இல்லை, போடுகிற விதத்தின் மீது என்பதைக் கவனியுங்கள். இதை மறைத்துவிட்டால் மொத்தமும் புரியாது.

1858இல் விக்டோரியா ராணியின் அறிவிப்பு வந்ததும், இனி எங்களை யாரும் தடுக்க முடியாது என்று நம் பெண்கள் தோள்சீலை போட்டார்கள். மேல் சாதிக்காரர்கள் அதைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். வீடுகள் எரிந்தன. கடைசியில் சென்னை கவர்னர் டிரெவெல்யன் அழுத்தம் கொடுக்க, உத்திரம் திருநாள் மகாராஜா 1859 ஜூலை 26 அன்று அறிவிப்பு வெளியிட்டார். அந்த அறிவிப்பைப் படித்துப் பாருங்கள். கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போல இந்து நாடார் பெண்களும் குப்பாயம் போடலாம். எல்லா நாடார் பெண்களும் மீனவர்களான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல் சாதிப் பெண்கள் போல் மட்டும் கூடாது. மூடிக்கொள்ள உரிமை கொடுத்த அதே தாளில் இப்படி ஒரு கோடும் போட்டுவைத்தார்கள்.

இப்போது மேல்புறம் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். தோளில் மெல்லிய நேரியது சரிந்து விழ, கரை தெரிய உடுத்துவது, அந்தத் தாளில் நமக்கு மறுக்கப்பட்ட விதமேதான். அதை உங்கள் தங்கை முகூர்த்தத்தில், ஊர் பார்க்க உடுத்தட்டும். இரவல் வாங்கி உடுத்துகிறாள் என்று யாரும் சொல்ல முடியாது. அடிபட்டு வாங்கிய உரிமை அது. சித்தப்பா இந்தக் கோணத்தில் யோசித்தால் அவர் அப்பா ஜெயிலுக்குப் போனதும் இதுவும் ஒரே வரிசையில் வரும்.

ஆண்களுக்கும் இது உண்டு. மேல் சாதிக்காரர் எதிரே வந்தால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும், தலையில் துணி கூடாது. சாமிதோப்பில் அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் (1809–1851) என்ன செய்தார்? தலைப்பாகை கட்டிக்கொண்டு சாமி கும்பிடச் சொன்னார். இன்றும் அய்யாவழி வழிபாட்டு இடங்களான பதியிலும் நிழல் தாங்கலிலும் ஆண்கள் மேல்சட்டை இல்லாமல், தலையில் துணி சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். உள்ளே கண்ணாடி வைத்திருக்கும். தலைப்பாகையோடு தன் முகத்தைத் தானே பார்த்துக் கும்பிடுவது. எங்கள் அப்பா ஞாயிற்றுக்கிழமை தலைப்பாகை கட்டும்போது பார்க்க வேண்டும். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு முனையைத் தலையில் சுற்றிச் சுற்றி, கடைசியில் காதுக்கு மேல் செருகுவார். அதுவரை யாரோடும் பேச மாட்டார்.

படிக்கிற பையன்

அக்கா, கீழ் சாதிப் பெண்கள் மேல் போட்டதாகச் சொல்லப்படும் முலைவரிக்கு எதிராகச் சேர்த்தலாவில் நங்கேலி என்ற பெண் மார்பை அறுத்துக் கொடுத்தாள் என்று படித்தேனே, அதையும் சேர்த்து எழுதலாமே?

சாமிதோப்புப் பெண்

தம்பி, அது சேர்த்தலாப் பக்கம் வாய்மொழியாக வருகிற கதை. நம்புகிறவர்கள் நம்பட்டும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே கேள்வி கேட்கிறவர்கள் முன்னால், அறிவிப்பும் தேதியும் கையில் இருப்பதையே வைக்க விரும்புகிறேன். அதுவே போதுமான அளவுக்குக் கனமானது.

வாத்தியார், தக்கலை

கூடுதலாக ஒன்று. ஒன்பதாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. வரலாற்றுப் புத்தகத்தில் உடையின் சமூக வரலாறு பற்றி ஒரு பாடம் இருந்தது, தோள்சீலைப் போராட்டமும் அதில் வந்தது. 2019இல் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். நான் வகுப்பில் சொல்லித்தான் வருகிறேன், பரீட்சையில் வராது என்றாலும். 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு விழா நடந்தபோது இரண்டு மாநில முதலமைச்சர்களும் ஒரே மேடையில் இருந்தார்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் சொந்தமான வரலாறு இது என்பதற்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

கல்பாத்திப் பேத்தி

நாங்கள் பாலக்காட்டுத் தமிழர். தலைமுறை தலைமுறையாகக் கேரளத்தில் இருக்கிறோம், கல்பாத்தித் தேர் சமயத்தில் அக்ரஹாரம் முழுக்கத் தமிழ்தான் கேட்கும். என் பாட்டி கடைசி வரை ஒன்பது கஜம்தான். எனக்கு மடிசார் கட்டத் தெரியும், ஆனால் கல்யாணம், சீமந்தம், சிராத்தம் தவிர கட்டியது இல்லை. விஷுவுக்கும் ஓணத்துக்கும் செட் முண்டு. பாட்டி அதைப் பார்த்து ஒரு நாளும் முகம் சுளித்தது இல்லை. கரை கோணலாக இருக்கிறது என்று இழுத்துச் சரிசெய்து விடுவாள்.

ஆனால் சாமிதோப்பு அக்கா எழுதியதைப் படித்த பிறகு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்களுக்கு உடை என்றால் எதைக் காப்பாற்றி வைப்பது என்ற யோசனை மட்டும்தான். எதை உடுத்தக் கூடாது என்று எங்களை யாரும் தடுத்தது இல்லை. பாரம்பரியம் என்று நான் சுலபமாகச் சொல்லிவிடுகிற சொல்லுக்குப் பின்னால் இந்த வித்தியாசம் இருக்கிறது.

திருவிதாங்கோடு

எங்கள் வீட்டு வாப்பாமார் முண்டை இடப்பக்கம் வைத்துக் கட்டுவார்கள், மற்றவர்கள் வலப்பக்கம். தூரத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும். என் தம்பிமார் இப்போது பேண்ட்தான், பெருநாள் தொழுகைக்கு மட்டும் முண்டு. அன்றைக்குக் கட்டும்போது கை தானாக இடப்பக்கம்தான் போகிறது. யாரும் சொல்லிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

நகரி

ஆந்திர எல்லையிலிருந்து ஒரு வார்த்தை. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அந்தப் பக்கம் போனது, எங்கள் நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. இங்கேயும் நெசவுக் குடும்பங்கள் நிறையத் தமிழ் பேசுபவை, இப்போது பெரும்பாலும் விசைத்தறி. தெலுங்குக் கல்யாணத்தில் மதுபர்க்கம் என்று மஞ்சள் தோய்த்த வெள்ளைப் பருத்தியை, சிவப்புக் கரையோடு, பொண்ணு மாப்பிள்ளை இரண்டு பேருக்கும் உடுத்துவார்கள். எங்கள் வீட்டில் கூறைப்புடவைதான் வழக்கம். அண்ணன் தெலுங்கு வீட்டில் பெண் எடுத்தபோது மதுபர்க்கத்தில் சடங்கு தொடங்கி, தாலி கட்டும் நேரத்தில் கூறைக்கு மாற்றினோம். பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. எங்கள் ஊரில் துணிக்காகச் சண்டை வந்ததில்லை, ரேஷன் கார்டு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் வரும்.

களியக்காவிளை பஸ்

சுசீந்திரத்திலும் திருவட்டாற்றிலும் இன்னும் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தானே உள்ளே போகிறோம்? பத்மநாபசாமி கோயிலில் 2016இல் சுடிதாருக்கு அனுமதி கொடுத்து, அடுத்த மாதமே ஹைகோர்ட் இல்லை என்றது. சுடிதார் மேல் ஒரு முண்டைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். தமிழ்நாட்டில் 2014இல், வேட்டி கட்டி வந்தவரை கிளப்புகள் தடுக்கக் கூடாது என்று சட்டமே வந்தது. ஒரு இடத்தில் கட்டு என்கிறார்கள், ஒரு இடத்தில் கட்டாதே என்கிறார்கள்.

குமரி எல்லை

சட்டை கழற்றுவதை நான் பக்தி என்று ஏற்றுக்கொள்கிறேன். சாமிதோப்பில் மேல்சட்டை இல்லாமல், ஆனால் தலைப்பாகையோடு நிற்பதைப் பற்றி அக்கா எழுதியது எனக்கு வேறு விதமாக யோசிக்க வைத்தது. எவன் சொல்லிக் கழற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இது தனி இழைக்கு உரிய விஷயம், இங்கே நீட்ட வேண்டாம்.

மேல்புறம் தம்பி, சித்தப்பாவிடம் நான் சொன்னதையும் சொல்லுங்கள், அக்கா சொன்னதையும் சொல்லுங்கள்.

மேல்புறம்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சித்தப்பாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். 1859 அறிவிப்பு வந்த இடத்தில் "திரும்ப வாசி" என்றார். வாசித்தேன். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. தன் அப்பாவைப் பெற்ற பாட்டி வாசலுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள் என்று மட்டும் சொன்னார்.

காலையில் வந்து, கசவு எடுங்கள், ஆனால் விசைத்தறி வேண்டாம், கைத்தறியாக இருக்க வேண்டும், நானும் கூட வருவேன் என்கிறார். தாலி கட்டும்போது கசவு, சபைக்கு வரும்போது காஞ்சிபுரம் பட்டு என்று முடிவாகியிருக்கிறது. பாலராமபுரம் அண்ணாச்சி, கைத்தறியை எப்படிப் பார்த்து வாங்குவது?

பாலராமபுரம் தறி

சந்தோஷம் தம்பி. சித்தப்பாவைக் கட்டாயம் கூட்டி வாருங்கள்.

முதலில் கரையைத் திருப்பிப் பாருங்கள். முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்பக்கம் நூல் மிதந்தும் வெட்டியும் கிடந்தால் எங்கள் தறி இல்லை. துணியை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் கைநெசவில் அங்கங்கே இழை கொஞ்சம் நெருங்கியும் விலகியும் தெரியும், விசைத்தறியில் எங்கும் ஒரே சீர். கைத்தறி முத்திரையும் புவிசார் குறியீட்டு முத்திரையும் கேளுங்கள், காட்டுவதற்குத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள். கசவிலும் வகை உண்டு. வெள்ளி இழையில் தங்கம் பூசியது ஒன்று, பார்வைக்கு அதே மாதிரி இருக்கிற மலிவுச் சரிகை ஒன்று. எது என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். புதுத் துணி மொடமொடவென்று இருக்கும், அது கஞ்சி. இரண்டு முறை தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டால் உடம்போடு விழும். பளீர் வெள்ளையாக எதிர்பார்க்காதீர்கள், வெளுக்காத நூலின் நிறம்தான் அதற்கு நிறம்.

பாதி வீடுகளில் தறி நின்றுவிட்டது, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். அதனால் கடையில் தொங்குவதை எடுப்பதைவிட நெய்யச் சொல்லி வாங்குவது எங்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. தை மாதக் கல்யாணம் என்றால் ஓணச் சரக்கு முடிந்த கையோடு, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் சொல்லிவிடுங்கள். மழை தொடங்கிவிட்டால் தெருவில் பாவு போட முடியாது. கரை எத்தனை அங்குலம் வேண்டும் என்று தங்கையிடம் கேட்டு வையுங்கள்.